மலைப்பாதையில் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கும் குடும்ப செடானுக்கும் என்ன வித்தியாசம்?

கிளாசிக் ஸ்போர்ட்ஸ் கார் என்பது ஓட்டுபவரின் இன்பத்துக்காகவே அந்தக் காலத்தில் செய்யப்பட்ட, தாழ்வான, பெரும்பாலும் இரண்டே இருக்கை உள்ள கார். செடான், நான்கைந்து பேர் பெட்டிகளோடு அலுங்காமல் போய்ச் சேருவதற்கானது.

1962-இல் வந்த எம்ஜிபி (MGB) என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். 1.8 லிட்டர் எஞ்சின், சுமார் 95 குதிரைத்திறன். இன்றைய ஹோண்டா சிட்டியின் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினே ஏறக்குறைய 120 தருகிறது. அப்படியென்றால் பழைய காரில் என்ன விசேஷம்? எடை தரைக்கு அருகில், தாழ்வாக இருப்பதுதான். தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்துச் சட்டென்று திரும்பிப் பாருங்கள். அப்புறம் இடுப்பில் வைத்துத் திரும்புங்கள். ஊட்டியிலிருந்து மசினகுடி போகும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இது உடம்புக்கே தெரியும். எம்ஜிபியைப் பின்சக்கரங்கள் தள்ளுகின்றன. முன்சக்கரங்களுக்குத் திருப்பும் வேலை மட்டும்தான். பவர் ஸ்டீயரிங்கும் இல்லை. சாலையின் ஒவ்வொரு பொடிக்கல்லும் உள்ளங்கைக்கு வந்துவிடும். எனக்கு அதைவிடப் பெரிய சுகம் இல்லை.

சரி, செடான் எங்கே ஜெயிக்கிறது? ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், காற்று மெலிவு. பழைய காரில் பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் அதற்கேற்பப் பெட்ரோலைப் போதிய அளவு குறைக்காது, எஞ்சின் திணறும். செடானில் சென்சார் அளந்து சரிசெய்துவிடும். பனி விழும் காலையில், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவும் சோக்கை இழுத்துக் காத்திருக்கவும் வேண்டாம்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். நேரான சாலையில் இன்றைய செடான் எம்ஜிபியைச் சுலபமாக முந்திவிடும்.