ஏசி டன் கணக்கு அப்புறம், முதலில் வெயில் எந்தப் பக்கம்?

புதுச்சேரி, கடலூர் பக்கம் கட்டடம் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். பசுமை அலுவலகம் கட்ட நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கடலூர் முதுநகர் வாசகர்: சார், எங்கள் கம்பெனிக்கு மூன்று மாடி அலுவலகம் கட்டப் போகிறோம். ரோடு மேற்கே. முகப்பு முழுக்கக் கண்ணாடி வேண்டும் என்கிறார் முதலாளி. பசுமைக் கட்டடம் என்ற பெயரும் வேண்டுமாம்.

இரண்டில் ஒன்றை விடச் சொல்லுங்கள். மாலை வெயில் தாழ்ந்து, நேராக முகத்தில் அடிக்கும். எவ்வளவு நீளமாக சன்ஷேடு போட்டாலும் அதற்குக் கீழே நுழைந்து மேஜை வரை வந்துவிடும். பிறகு திரைச்சீலையை இழுத்துவிட்டு, பகலிலேயே லைட் போட்டு உட்கார வேண்டியதுதான். கண்ணாடிக்குக் கொடுத்த காசு வீண்.

மேற்கில் படிக்கட்டு, லிஃப்ட், கழிப்பறை, ஸ்டோர் ரூம் ஆகியவற்றை வையுங்கள். வெயிலை அவை வாங்கிக்கொள்ளட்டும். ரோட்டுப் பக்கம் அழகாக இருக்க வேண்டுமென்றால் செங்கல் ஜாலி (இடையிடையே துளை விட்டுக் கட்டும் சுவர்) வைக்கலாம், கண்ணாடியைவிடப் பார்க்கவும் நன்றாயிருக்கும். ஆட்கள் உட்காரும் இடமெல்லாம் வடக்கும் தெற்கும்.

நம் ஊர் வட அட்சரேகை ஏறக்குறைய 12 பாகையில் இருக்கிறது. டிசம்பர் நண்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்து 55 பாகை உயரத்தில்தான் நிற்கும். அந்த நேரத்தில் 4 அடி உயரத் தெற்கு ஜன்னல் முழுதும் நிழலில் இருக்க 2 அடி 10 அங்குல சன்ஷேடு வேண்டும். மேஸ்திரி வழக்கமாகப் போடும் 2 அடி போதாது. வடக்கே வெயிலே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மே முதல் ஜூலை வரை காலையும் மாலையும் வடக்கு ஜன்னலில் சாய்வாக விழும். அதைத் தடுக்க ஜன்னலுக்கு இரு பக்கமும் செங்குத்தான தடுப்பு வேண்டும், மேலே போடும் சன்ஷேடு உதவாது.

லாஸ்பேட்டை வாசகி: புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியில் ஏசி இல்லாமலே குளிர்ச்சியாக இருக்குமாமே. அலுவலகத்தை அப்படிக் கட்ட முடியாதா?

அண்டோனின் ரேமண்ட் வடிவமைத்த கட்டடம் அது, 1930களின் பிற்பகுதியில் வேலை தொடங்கியது. நீள முகப்புகள் வடக்கும் தெற்கும். ஜன்னல் கண்ணாடிக்குப் பதில் திருப்பக்கூடிய பட்டைகள். கூரைக்கு மேலே, இடைவெளி விட்டு, வளைந்த கான்கிரீட் ஓடுகள் இன்னொரு கூரையாக நிழல் தருகின்றன. எல்லாமே இன்றைக்கும் செல்லும் பாடம். பட்டைகள் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டில் செய்தவை, அதை மட்டும் பின்பற்றாதீர்கள்.

ஆனால் அது அமைதியாக வாழ்பவர்களின் விடுதி. நாற்பது கம்ப்யூட்டரும் நாற்பது ஆளும் அடைந்திருக்கும் கூடம் வேறு. இந்தக் கடற்கரையில் வெயிலைவிட ஈரப்பதம்தான் பெரிய எதிரி. மே மாதத்தில் ஏசி இல்லாமல் வேலை பாருங்கள் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அணைத்து வைக்கும்படி கட்டலாம் என்றுதான் சொல்வேன். அதற்கு ஜன்னல்கள் திறக்க வேண்டும், காற்று ஒரு பக்கம் வந்து எதிர்ப்பக்கம் போக வழி வேண்டும், நடுவில் கூரை வரை தடுப்பு கூடாது. மற்ற மாதங்களில் ஏசியை 26-இல் வைத்துக் கூடவே மின்விசிறி. ஒரு பாகை கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டார்) ஃபேனுக்கு 30 வாட் சொச்சம் போதும்.

என் சொந்தச் சறுக்கல் ஒன்று: கடலுக்கு ஒரு கிலோமீட்டரில் ஓர் அலுவலகத்துக்குச் சாதா இரும்பில் கோல்கொண்டே மாதிரி திருப்பும் பட்டை வைத்தேன். இரண்டாவது மழைக்காலத்தில் எதுவும் திரும்பவில்லை, துரு.

வில்லியனூர் வாசகர்: சுவருக்குச் செம்மண் கல்லா, ஃப்ளை ஆஷ் (அனல் மின் நிலையச் சாம்பல்) கல்லா, ஏஏசி (காற்றுக்குமிழி நிறைந்த லேசான கான்கிரீட்) பிளாக்கா?

சூளையில் சுடாமல், சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து அழுத்திச் செய்யும் செம்மண் கல்லுக்கு ஆரோவில்லில் நல்ல அனுபவம் இருக்கிறது. மண்ணைச் சோதிக்காமல் இறங்க வேண்டாம். நெய்வேலி பக்கத்திலேயே இருப்பதால் சாம்பல் கல்லுக்கு லாரி வாடகை குறைவு. மேற்குச் சுவருக்கு மட்டும் ஏஏசி வைப்பேன், வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும்.

கல்லைவிட முக்கியம் கம்பி. உப்புக் காற்றுக்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 456 படி எம்30 ரகக் கான்கிரீட்டும் 45 மி.மீ. கவரும் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம்) வேண்டும். அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கடியில் வைக்கும் கவர் பிளாக்கில் மிச்சம் பிடித்துவிட்டு, பத்து வருடத்தில் தூணை உடைத்துப் பூசினால் எந்தக் கல் வாங்கியும் பயனில்லை.

நெல்லிக்குப்பம் வாசகர்: மாடி முழுக்க சோலார் போட்டால் கரண்ட் பில்லே வராதா?

வரும். 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி இடம் போகும், நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் கிடைக்கும். மூன்று மாடி ஏசிக்கு ஒரு மாடியின் சோலார் போதாது. ஆனாலும் போடுங்கள், தளத்துக்கு நிழலும் ஆச்சு. காற்றை மட்டும் மறக்காதீர்கள். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் செய்ததை நாம் பார்த்தவர்கள்தானே. புதுச்சேரிக்கு, கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 875 சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். சோலார் பேனல் ஸ்டாண்டை அதற்குக் கணக்குப் போட்டுத் தளத்தில் போல்ட் போடச் சொல்லுங்கள்.

பாகூர் வாசகி: சூடு இறங்காமலிருக்க மொட்டை மாடியில் வெள்ளை டைல்ஸ் மட்டும் போதுமா?

பாதி வேலை செய்யும். வருடா வருடம் பாசியைத் தேய்த்துக் கழுவினால்.

அரியாங்குப்பம் வாசகர்: வாஸ்துக்காரர் ஈசானியத்தைத் திறந்து விடச் சொல்கிறார். உங்கள் பிளானுக்கு இடிக்குமா?

இடிக்காது. வடகிழக்கு வெளிச்சம் எனக்கும் வேண்டியதுதான், அதனால் நான் அவரோடு சண்டைக்குப் போவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் சாரல் அந்தப் பக்கமிருந்துதான் அடிக்கும். வராந்தாவை 6 அடிக்குக் குறையாமல் போடுங்கள்.