வவுச்சர் பட்டனை அமுக்கும் முன்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒருவர் ரத்தான விமானத்துக்குக் கிடைத்த வவுச்சரை, அதாவது பணத்துக்குப் பதில் அடுத்த டிக்கெட்டுக்குப் பயன்படுத்தக் கொடுக்கும் சீட்டைப் பற்றிக் கேட்டிருந்தார். நான்கு வரியில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அது போதவில்லை என்று வந்து குவிந்த கடிதங்களே சொல்கின்றன, ஆகவே இந்த முறை பகுதி முழுக்க இதுதான். கேட்டவர்களின் பெயர், ஊர், அவர்கள் திட்டியிருக்கும் விமான நிறுவனம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

கேள்வி: விமானம் ரத்து என்று மெயில் வந்தது. கீழே பெரிதாக ஒரு பட்டன், ‘வவுச்சராகப் பெற்றுக்கொள்ளுங்கள், 10 சதவீதம் கூடுதல் மதிப்பு’ என்று. பணமாகத் தருவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அமுக்கலாமா?

பதில்: இன்னும் அமுக்கவில்லை அல்லவா, நல்லது. கொஞ்சம் பொறுங்கள்.

ரத்து செய்தது யார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். நிறுவனமே ரத்து செய்திருந்தால் பணத்தைப் பணமாகவே கேட்கும் உரிமை பல நாடுகளில் சட்டத்திலேயே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 261/2004 என்ற விதிப்படி 7 நாளுக்குள் பணம் தர வேண்டும், வவுச்சர் தருவதென்றால் பயணியின் கையெழுத்திட்ட சம்மதம் வேண்டும். அமெரிக்காவில் போக்குவரத்துத் துறை 2024-இல் கொண்டுவந்த விதி, மாற்று விமானத்தையோ வவுச்சரையோ பயணி ஏற்காவிட்டால் கார்டில் கட்டியதை 7 வேலை நாளிலும் வேறு வழியில் கட்டியதை 20 நாளிலும் திருப்பித் தரச் சொல்கிறது. பணத்தைக் ‘கிரெடிட் ஷெல்’லில், அதாவது அடுத்த டிக்கெட்டுக்கென்று நிறுவனத்திடமே இருக்கும் கணக்கில் போட்டு வைப்பது பயணியின் விருப்பம், நிறுவனம் தானாகச் செய்துகொள்ளும் வழக்கமாக அது இருக்கக் கூடாது என்று இந்தியாவின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமும் விதி வைத்திருக்கிறது.

அப்படியானால் பட்டன் எதற்கு? உங்கள் சம்மதத்துக்குத்தான். கையெழுத்து என்றதும் பேனாவால் போடுவது என்று நினைத்துவிடாதீர்கள். 2024 மார்ச் 21 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு வழக்கில், நிறுவனத்தின் இணையதளத்தில் படிவத்தை நிரப்பி வவுச்சரைத் தேர்ந்தெடுத்தாலே அது கையெழுத்திட்ட சம்மதம் ஆகும் என்று சொல்லிவிட்டது. பயணிக்கு முன்கூட்டியே தெளிவாகவும் முழுமையாகவும் விவரம் சொல்லியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் சொன்னார்களா இல்லையா என்று பிறகு வாதாடிக்கொண்டிருப்பதைவிட இப்போதே அமுக்காமல் இருப்பது எளிது.

அந்த 10 சதவீதத்தை நான் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வவுச்சர் என்பது நீங்கள் அவர்களுக்குக் கொடுக்கும் கைமாற்று, 10 சதவீதம் அதற்கு வட்டி, வட்டியையும் அசலையும் அவர்கள் கடையிலேயே செலவழித்தாக வேண்டும் என்பது ஒப்பந்தம். இன்னும் மூன்று நான்கு மாதத்தில் அதே நிறுவனத்தில் நிச்சயம் பறப்பேன் என்றால் லாபம்தான். ‘எப்போதாவது போவோம்’ என்றால் வேண்டாம். பணம் வேண்டுமென்றால், பிஎன்ஆர் எண்ணைக் குறிப்பிட்டு ‘எனக்கு வவுச்சர் வேண்டாம், கட்டிய வழியிலேயே பணத்தைத் திருப்பித் தரவும்’ என்று ஒரே வரியில் எழுத்தில் அனுப்புங்கள். ரீஃபண்ட் படிவம் அவர்கள் தளத்தில் எங்கேயாவது அடியில் ஒளிந்திருக்கும், அதையும் நிரப்புங்கள். ரத்து மெயிலை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: வீட்டில் உடம்பு சரியில்லை என்று டிக்கெட்டை நானே ரத்து செய்து கிரெடிட் வாங்கிக்கொண்டேன். மறுநாளே அந்த விமானத்தை அவர்களும் ரத்து செய்துவிட்டார்கள். இப்போது பணம் கேட்க முடியுமா?

பதில்: கேட்கலாம், கிடைப்பது கடினம். நீங்கள் ரத்து செய்த நிமிடமே அந்த டிக்கெட்டின் கணக்கு முடிந்துவிட்டது. அதன்பின் விமானம் பறந்தால் என்ன, நின்றால் என்ன என்றுதான் சொல்வார்கள். விவரத்தை எழுதி மனிதாபிமான அடிப்படையில் கேட்டுப் பாருங்கள், சில இடங்களில் இரங்குகிறார்கள்.

இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கு: போகப் போவதில்லை என்று முடிவாகிவிட்டாலும் உடனே ரத்து செய்ய வேண்டிய அவசியம் இல்லை. ரத்துக் கட்டணம் எந்த நாளில் கூடுகிறது என்று டிக்கெட் விதியில் பாருங்கள், அதுவரை காத்திருக்கலாம். இடையில் அவர்களே ரத்து செய்யலாம், அல்லது நேரத்தை மாற்றலாம். அமெரிக்க விதிப்படி உள்நாட்டு விமானம் 3 மணி நேரமோ வெளிநாட்டு விமானம் 6 மணி நேரமோ முன்பின் நகர்ந்தால் அதுவும் பணம் திரும்பக் கேட்கக் காரணம்தான். ஆனால் விமானம் கிளம்பும் நேரம் வரைக்கும் சும்மா இருந்துவிடாதீர்கள். சொல்லாமல் போகாமல் இருந்தால் ‘நோ-ஷோ’ என்று போட்டுவிடுவார்கள், அப்புறம் கிரெடிட்டும் கிடையாது. ‘நான்-ரீஃபண்டபிள்’ டிக்கெட்டிலும் விமான நிலையக் கட்டணம், வரி என்று ஒரு பகுதி திரும்பக் கிடைக்கலாம், அதைத் தனியாகக் கேளுங்கள்.

கேள்வி: என் வவுச்சர் நவம்பர் 30 வரை செல்லும். எனக்குப் பயணம் ஜனவரியில். நவம்பருக்குள் புக் செய்துவிட்டால் போதுமா?

பதில்: சில நிறுவனங்களில் போதும், சிலவற்றில் போதாது. அதிகம் பேர் பணத்தை விடுவது இங்கேதான், நானும் விட்டிருக்கிறேன்.

‘செல்லும்’ என்ற சொல்லுக்கு மூன்று அர்த்தம் வைத்திருக்கிறார்கள். அந்தத் தேதிக்குள் புக் செய்தால் போதும், பயணம் பிறகு எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம் என்பது ஒன்று. அந்தத் தேதிக்குள் பயணத்தைத் தொடங்க வேண்டும் என்பது இரண்டாவது. போய்த் திரும்பியும் வந்துவிட வேண்டும் என்பது மூன்றாவது, இதுதான் ஆளைக் கவிழ்ப்பது. வவுச்சர் மெயிலில் ஒரு தேதிதான் பெரிய எழுத்தில் இருக்கும். அது இந்த மூன்றில் எது என்பது விதிமுறைகளுக்குள்ளே இருக்கும். பாருங்கள், புரியவில்லை என்றால் சாட்டில் கேட்டு, வந்த பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தொலைபேசியில் சொன்னதை யாரும் பிறகு நினைவில் வைத்திருப்பதில்லை.

இன்னொன்று, எங்கிருந்து எண்ணுவது என்பது. வவுச்சர் என்று புதிதாக ஒன்றைக் கொடுத்தால் பெரும்பாலும் கொடுத்த நாளிலிருந்து கணக்கு. ஆனால் வவுச்சர் எதுவும் தராமல் பழைய டிக்கெட்டின் மதிப்பையே கிரெடிட்டாக வைத்திருந்தால், கணக்கு அந்த டிக்கெட்டை முதலில் வாங்கிய நாளிலிருந்து ஓடும், பொதுவாக ஓராண்டு. பயணத்துக்கு எட்டு மாதம் முன்பே டிக்கெட் எடுக்கும் சாமர்த்தியசாலிகளுக்கு அதில் எட்டு மாதம் ஏற்கனவே போயிருக்கும். எனக்கு நடந்தது அதுதான். விமானம் ரத்தான நாளிலிருந்து ஓராண்டு என்று நானாகவே எண்ணிக்கொண்டு, நிதானமாக ஒரு நாள் உட்கார்ந்து புக் செய்யப் போனால் கிரெடிட் செத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பேசிப் பார்த்தேன், எழுதிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

காலாவதிக்கு முன்பே கேட்டால் நீட்டித்துத் தருவதுண்டு, முடிந்த பிறகு கேட்டால் அரிது. ஆகவே நவம்பர் 29 இரவு வரைக்கும் வைத்திருக்காதீர்கள்.

கேள்வி: வவுச்சர் எண்ணைப் போட்டால் ‘செல்லாது’ என்றே வருகிறது. மூன்று முறை முயன்றதும் பூட்டிவிட்டது. என்ன தப்பு செய்கிறேன்?

பதில்: பெரும்பாலும் தப்பான எண்ணைப் போடுகிறீர்கள். உங்கள் கையில் மூன்று எண்கள் இருக்கும். ஆறு எழுத்தில் இருப்பது பிஎன்ஆர். 13 இலக்கத்தில் இருப்பது டிக்கெட் எண், அதன் முதல் மூன்று இலக்கம் எந்த நிறுவனம் என்பதைக் காட்டும். வவுச்சருக்குத் தனி எண், சில சமயம் அதோடு ஒரு பின் நம்பரும் வரும். வவுச்சரே ‘ஈஎம்டி’ என்ற மின்னணு ஆவணமாக வந்தால் அதுவும் 13 இலக்கத்தில் இருந்து தொலைக்கும், டிக்கெட் எண்ணைப் போலவே தெரியும். தளம் எதைக் கேட்கிறது என்று பார்த்துப் போடுங்கள். சுழியத்துக்கும் ஆங்கில ஓ எழுத்துக்கும் குழப்பம் வராமல் இருக்க, தட்டச்சு செய்யாமல் மெயிலிலிருந்தே நகலெடுத்து ஒட்டுங்கள், முன்னும் பின்னும் இடைவெளி ஒட்டிக்கொண்டு வராமல்.

எண் சரியாக இருந்தும் ஏற்கவில்லை என்றால், நீங்கள் தேர்ந்தெடுத்த விமானத்தைப் பாருங்கள். டிக்கெட்டில் இவர்கள் பெயர் இருக்கும், ஓட்டுவது கூட்டாளி நிறுவனமாக இருக்கும், அதற்கு வவுச்சர் செல்லாமல் போகலாம். வேறு நாணயத்தில் விலை காட்டும் நாட்டுப் பக்கத்தில் நுழைந்திருந்தாலும் இதே கதி. ஏஜென்ட் தளத்தில் நிறுவனத்தின் வவுச்சரைப் போட்டால் ஏற்காது, நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்கே போக வேண்டும். இருக்கை, கூடுதல் லக்கேஜுக்குப் பல இடங்களில் வவுச்சர் செல்லாது, டிக்கெட்டுக்கு மட்டும் போட்டுவிட்டு மற்றதைப் பிறகு கார்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தனையும் பார்த்தாகிவிட்டது என்றால் போன் செய்து அவர்களையே புக் செய்யச் சொல்லுங்கள். தளத்தின் கோளாறு என்பதால் போனில் புக் செய்யும் கட்டணத்தை விலக்கச் சொல்லியும் கேளுங்கள், கேட்காமல் விலக்கமாட்டார்கள்.

கேள்வி: வவுச்சர் என் பெயரில். மகனுக்கு டிக்கெட் எடுக்கலாமா? மீதிப் பணம் என்ன ஆகும்?

பதில்: எண்ணும் பின் நம்பரும் உள்ள வவுச்சராக இருந்தால் பல நிறுவனங்களில் யாருக்கும் எடுக்கலாம். பழைய டிக்கெட்டின் கிரெடிட் என்றால் பெரும்பாலும் டிக்கெட்டில் இருந்த பெயருக்கு மட்டும்தான். மீதியைச் சிலர் அதே எண்ணில் விட்டுவைப்பார்கள், சிலர் புது வவுச்சர் தருவார்கள், சிலர் விழுங்கிவிடுவார்கள். மூன்றாவது வகை என்றால் வவுச்சர் மதிப்பைவிடக் கொஞ்சம் கூடுதலான டிக்கெட்டுக்குப் பயன்படுத்தி, வித்தியாசத்தைக் கார்டில் கட்டுவது நல்லது.

கேள்வி: ஆன்லைன் ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட். ஏஜென்ட் விமான நிறுவனத்தைக் கேள் என்கிறார், நிறுவனம் ஏஜென்டைக் கேள் என்கிறது. இரண்டு மாதமாகப் பந்தாடுகிறார்கள்.

பதில்: உங்கள் கார்டு ஸ்டேட்மென்ட்டை எடுங்கள். பணம் பிடித்தவர் என்று யார் பெயர் இருக்கிறது? ரீஃபண்டை முதலில் அவரிடம் கேட்க வேண்டும். அமெரிக்காவில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள், ஸ்டேட்மென்ட்டில் வரும் வணிகர் யாரோ அவர்தான் பொறுப்பு. ஐரோப்பிய விதியில் பொறுப்பு விமானத்தை இயக்கும் நிறுவனத்துடையது. இரண்டு பேருக்கும் தனித்தனியாக எழுதாமல் ஒரே மெயிலில் இருவரையும் சேர்த்து, ‘டிக்கெட் ரீஃபண்டுக்கு அனுமதிக்கப்பட்டதா, பணம் இப்போது யாரிடம் இருக்கிறது’ என்று கேளுங்கள். ஒருவர் முன்னால் மற்றவரைக் கைகாட்டுவது அவ்வளவு எளிதல்ல. ஏஜென்ட் தனது சேவைக் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடும், அதை முன்பே சொல்லியிருந்தாரா என்று பாருங்கள்.

கேள்வி: வவுச்சரில் எடுத்த விமானமும் ரத்து! இப்போது?

பதில்: சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. வவுச்சரால் கட்டிய தொகை வழக்கமாக வவுச்சராகவே திரும்பும், கார்டில் கட்டிய வித்தியாசம் கார்டுக்குத் திரும்ப வேண்டும், அதை வவுச்சரோடு சேர்த்து உருட்டிவிடப் பார்ப்பார்கள், விடாதீர்கள். திரும்பி வரும் வவுச்சரில் பழைய காலாவதித் தேதியே இருக்கக் கூடும். ‘இரண்டு முறை ரத்து செய்தது நீங்கள்தானே, ஆகவே புதுத் தேதி போட்டுத் தாருங்கள்’ என்று நிறுவனத்தைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

கேள்வி: வவுச்சர் கையில் இருக்கும்போது நிறுவனமே மூடிவிட்டால்?

பதில்: நடந்திருக்கிறது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-இல் பறப்பதை நிறுத்தியது, பிரிட்டனின் ஃப்ளைபீ 2020 மார்ச் 5-இல். அப்போது வவுச்சர்காரர் பிணையில்லாமல் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் கடைசிப் பக்கம் நிற்பார், கைக்கு வருவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. கார்டில் டிக்கெட் வாங்கியவர், கிடைக்காத சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி வங்கியிடம் ‘சார்ஜ்பேக்’ கேட்கலாம். அதற்கும் நாள் கணக்கு உண்டு, பெரும்பாலும் 120 நாள். ஆனால் டிக்கெட்டுக்குப் பதில் வவுச்சரைச் சம்மதித்து வாங்கிவிட்டவர் அந்த வழியில் வாதாடுவது கடினம். நிறுவனம் தள்ளாடுகிறது என்று செய்தி அடிபட்டால் கையிலிருக்கும் வவுச்சரை முதல் வாய்ப்பிலேயே செலவழித்துவிடுங்கள்.

கேள்வி: 2020 பொதுமுடக்கத்தில் ரத்தான டிக்கெட்டின் கிரெடிட் மெயில் ஒன்று இப்போதுதான் கண்ணில் பட்டது. ஏதாவது பிரயோஜனம் உண்டா?

பதில்: எந்த நாட்டு டிக்கெட் என்று எழுதவில்லையே! இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1 தீர்ப்பில், உடனே பணம் தர முடியாத நிறுவனங்கள் 2021 மார்ச் 31 வரை கிரெடிட் ஷெல் தரலாம், அதை வேறொருவருக்கும் மாற்றிக் கொடுக்கலாம், பயன்படுத்தாமல் மிஞ்சினால் பணமாகத் திருப்ப வேண்டும் என்றது. 2020 ஜூன் வரை மாதம் 0.5 சதவீதமும் அதன்பின் 0.75 சதவீதமும் மதிப்பு கூட்டவும் சொன்னது. ஆகவே உங்களுடையது இந்த வகை என்றால், பணம் அப்போதே கார்டுக்கோ ஏஜென்டுக்கோ போயிருக்க வாய்ப்புண்டு. 2021 ஏப்ரல் வாக்கில் ஸ்டேட்மென்ட்டைத் தேடிப் பாருங்கள், ஏஜென்ட் தளத்தின் வாலெட்டில் சத்தமில்லாமல் கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் டிக்கெட் என்றால் உங்களுக்கு யோகம் இருக்கலாம். 2022 ஜூலையில் அவர்கள் கிரெடிட்டுக்குக் காலாவதியே கிடையாது என்று அறிவித்தார்கள். 2025 மே 28 முதல் எடுக்கும் டிக்கெட்டுகளுக்குத் திரும்பவும் காலாவதி வைத்துவிட்டார்கள், ஆனால் 2022-இல் அறிவித்த நாளில் உயிரோடு இருந்த பழைய கிரெடிட்டுகளுக்கு அந்தக் கணக்கு கிடையாது. மற்ற நிறுவனம் எதுவானாலும், மெயிலில் உள்ள எண்ணைத் தளத்தில் போட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை. என்ன வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.