பழைய ஆங்கிலேயப் பண்ணை வீடுகளில் நடுப்பகுதி மட்டும் ஏன் உள்வாங்கி இருக்கிறது?

அந்த நடுப்பகுதிக்கு மாடி கிடையாது, காரணம் அதுதான். தென்கிழக்கு இங்கிலாந்தின் கென்ட், சசெக்ஸ் பகுதிகளில் 15ஆம் நூற்றாண்டில் பரவிய இவ்வகை வீட்டுக்கு 'வீல்டன் வீடு' என்று பெயர். இரு முனைகளிலும் மாடியறைகள் உண்டு. அவற்றின் தரை உத்தரங்கள் கீழ்ச்சுவரைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். நடுவில் இருப்பது தரையிலிருந்து கூரை வரை திறந்த ஒரே கூடம். முழு வீட்டுக்கும் கூரை ஒன்றே என்பதால், கூடத்துக்கு முன்னால் அதன் விளிம்பை வளைந்த முட்டுமரங்கள் தாங்குகின்றன.

கூடத்தை ஏன் திறந்து விட்டார்கள்? புகைபோக்கி இல்லை. தரை நடுவே அடுப்பு எரியும். புகை மேலெழுந்து கூரை வழியே கசிந்து போகும். பின்னாளில் இடைத்தளமும் புகைபோக்கியும் சேர்த்த வீடுகளிலும், பரணில் ஏறிப் பார்த்தால் கரியேறிய கைமரங்கள் பழைய கதையைக் காட்டிக் கொடுத்துவிடும். எனக்கு இந்தக் கட்டடக்கலையில் மிகவும் பிடித்த சான்று இதுதான்.

சட்டகம் ஓக் மரம். வெட்டிய ஈரத்தோடே இழைப்பார்கள். உலர்ந்தால் கல்லாக இறுகிவிடும். ஒரு மரத்தின் முனையில் செதுக்கிய கழுந்தை இன்னொரு மரத்தின் துளையில் செருகி மர ஆணி அடிப்பார்கள். சுமையைத் தாங்குவது சட்டகமே. இடைவெளிகளில் குச்சிப் பின்னலும், களிமண், சாணம், வைக்கோல் கலந்த பூச்சும் இருக்கும்.

நேரில் பார்க்க வேண்டுமானால் 'பேலீஃப்' வீட்டைச் சொல்வேன். கென்டில் நீர்த்தேக்கத்துக்காக அகற்ற வேண்டியிருந்த அதைப் பிரித்தெடுத்து, சசெக்ஸின் சிங்கிள்டன் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மீண்டும் பூட்டி நிறுத்தியிருக்கிறார்கள். கூடத்தின் சன்னல்களில் கண்ணாடி இல்லை, மரக்கம்பிகள்தான்.