டிசம்பர் பணம்

வட சென்னையில் ஒரு வங்கிக் கிளையில் முப்பது வருடம் கேஷ் கவுன்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர், வாசகர்களின் பணக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அம்மா, எனக்கு வயது 27. தண்டையார்பேட்டையில் அப்பா அம்மாவோடு வாடகை வீட்டில், தரைத்தளத்தில் இருக்கிறேன். மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. கைக்கு வருவது 31,000. வீட்டுக்கு 14,000, பைக் தவணை 3,200, அப்பாவின் மாத்திரை 1,800, பெட்ரோல், போன், டீ எல்லாம் சேர்த்து 4,000. மீதி 8,000 ஊர் சுற்றுவதற்கே போகிறது. ஹம்பி, கோகர்ணா, வால்பாறை என்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிளம்பிவிடுவேன். 2023 டிசம்பர் மழையில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். ஃபிரிட்ஜ் போச்சு, பைக் என்ஜின் போச்சு. 40,000 ரூபாய் மூணு வட்டிக்கு வாங்கினேன். அசலில் இன்னும் 15,000 பாக்கி. இப்போது நண்பர்கள் மேகாலயா போகிறார்கள், ஆளுக்கு 28,000. என்னிடம் 11,000 இருக்கிறது. மீதியை கிரெடிட் கார்டில் இ.எம்.ஐ. போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். "ஊர் சுற்றுவதை விட்டால்தான் நீ உருப்படுவாய்" என்கிறார் அம்மா. விட்டுவிடவா?

பதில்: விட வேண்டாம் தம்பி. ஆனால் இந்த மேகாலயா வேண்டாம்.

மூணு வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். 15,000-க்கு மாதம் 450 ரூபாய் சும்மா போகிறது. அந்தக் கடன் ஓடிக்கொண்டிருந்தபோதே நீங்கள் கோகர்ணாவும் போய் வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், கவுன்டரில் உட்கார்ந்தவளுக்குக் கணக்குதான் முதலில் கண்ணில் படும்.

நானும் ஊர் சுற்றிதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1991-ல், ஹரித்துவார், ரிஷிகேஷ் என்று பதினைந்து நாள் போய் வந்தேன். திரும்பி வந்த வாரமே துறைமுகத்தில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. பாஸ்புக்கில் 340 ரூபாய் இருந்தது. இரண்டு வளையல் மின்ட் தெரு வட்டிக் கடைக்குப் போனது. மீட்க ஒன்றரை வருடம் ஆயிற்று. ஹரித்துவார் போனதை நான் இன்றுவரை தப்பென்று நினைக்கவில்லை. டிக்கெட் காசும் ஆஸ்பத்திரிக் காசும் ஒரே பாஸ்புக்கில் கிடந்தன பாருங்கள், அதுதான் தப்பு. உங்களுக்கும் அதேதான் நடக்கிறது. சம்பளக் கணக்கில் மிஞ்சுவது எல்லாமே 'டூர் காசு' என்று உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது.

நம் பக்கத்தில் ஆபத்து பாதி நேரம் மாதம் பார்த்துத்தான் வருகிறது. சுனாமி 2004 டிசம்பர் 26. பெருவெள்ளம் 2015 டிசம்பர். வர்தா புயல் 2016 டிசம்பர் 12. மிக்ஜாம் 2023 டிசம்பர், அதோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்க் கசிவு வேறு. அதனால் அவசர நிதி என்று பெரிய வார்த்தை சொல்லாமல், எங்கள் வீட்டில் அதை 'டிசம்பர் பணம்' என்போம்.

உங்களுக்கு அது எவ்வளவு? சம்பளத்தை வைத்துப் பார்க்காதீர்கள், நிறுத்த முடியாத செலவை வைத்துப் பாருங்கள். நீங்கள் எழுதியதைக் கூட்டினால் மாதம் 23,000. மூன்று மாதத்துக்கு 69,000. முதல் இலக்கு அது போதும். ஆறு மாதம் என்று இப்போதே சொன்னால் பயந்துபோய் அடுத்த ரயிலைப் பிடித்துவிடுவீர்கள்.

கையில் இருக்கும் 11,000-ல் 8,000-ஐ இன்றே கடனுக்குக் கட்டுங்கள். 3,000 இருக்கட்டும். அடுத்த மாத மிச்சத்தில் பாக்கி 7,000-ஐயும் அதன் வட்டியையும் அடைத்துவிடலாம். அதற்கடுத்த மாதத்திலிருந்து 8,000-ஐ இரண்டாகப் பிரியுங்கள்: 5,000 டிசம்பர் பணம், 3,000 ஊர் சுற்ற. பதினான்கு மாதத்தில் 69,000 சேர்ந்துவிடும். சேர்ந்த பிறகு பிரிப்பதை அப்படியே திருப்பிப் போடுங்கள், யாரும் கேட்க மாட்டோம்.

எங்கே வைப்பது? சம்பளம் வராத இன்னொரு வங்கியில், போன் ஆப் எதிலும் சேர்க்காத கணக்கில். கணக்கை உங்கள் பெயரிலும் அம்மா பெயரிலும் சேர்த்துத் திறங்கள், இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கிற மாதிரி. இதைப் பயணம் போகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் டவர் இல்லாத மலையில் இருக்கும்போது அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால், பணம் இருந்தும் அம்மா பக்கத்து வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டியிருக்கும். தொகை கொஞ்சம் சேர்ந்ததும் பாதியை ஃபிக்ஸட் டெபாசிட்டில் போடலாம், அவசரத்துக்கு உடைத்தால் வட்டிதான் கொஞ்சம் குறையும். மாதாமாதம் ஒரே தொகை கட்டுகிற தபால் ஆபீஸ் ஆர்.டி. நல்லதுதான், ஆனால் அது ஐந்து வருடக் கணக்கு, மூன்று வருடத்துக்கு முன் மூட முடியாது. இதற்கு ஆகாது. அப்புறம், 5,000 ரூபாயை நோட்டாகவே பிளாஸ்டிக் கவரில் சுற்றி பரண் மேல் வையுங்கள். கரன்ட் போய்த் தெருவில் தண்ணீர் நிற்கும்போது பால்காரரிடம் ஜிபே செல்லாது.

பைக் இன்ஷூரன்ஸையும் எடுத்துப் பாருங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாய் வராது, முழுக் காப்பீடு வேண்டும். தண்ணீரில் நின்ற வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யவும் கூடாது, என்ஜின் போவது பெரும்பாலும் அங்கேதான்.

மாதம் 3,000-க்கு எங்கே போவது என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். வருடத்துக்கு அது 36,000. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடுகிறது. முதல் சம்பளத்தில் டிக்கெட், அடுத்ததில் அறை வாடகை, மூன்றாவதில் சாப்பாட்டுச் செலவு என்று போனால் கார்டைத் தொடவே வேண்டாம். நடுவில் கால் அரித்தால் தண்டையார்பேட்டை ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறிப் பொன்னேரியில் இறங்குங்கள். அங்கிருந்து பழவேற்காட்டுக்கு பஸ். டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது, குளிர்காலத்தில் ஏரியில் பூநாரைகள் நிற்கும். மதியம் மீன் குழம்போடு சாப்பிட்டாலும் ஐந்நூறு ரூபாயைத் தாண்டாது. நான் எத்தனை முறை போயிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

கேள்வி: வியாசர்பாடியில் தையல் வேலை செய்கிறேன். காசிக்குப் போவதற்காக எங்கள் தெருவில் 50,000 ரூபாய் சீட்டு போட்டிருக்கிறேன், 20 பேர், மாதம் 2,500. அவசரம் வந்தால் இந்தச் சீட்டையே ஏலத்தில் எடுத்துக்கொள்ளலாம்தானே? தனியாக வேறு சேமிக்க வேண்டுமா?

பதில்: வேண்டும் அம்மா. அவசரத்தில் ஏலம் கேட்பவர் எவ்வளவு தள்ளியும் எடுப்பார், 50,000 சீட்டு கைக்கு வரும்போது நாற்பதுக்கும் கீழே போகலாம். அதைவிடப் பெரிய சிக்கல், உங்கள் இருபது பேரும் ஒரே தெரு. உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் மற்ற பத்தொன்பது வீட்டுக்குள்ளும் வந்திருக்கும். அந்த மாதம் எல்லோரும் ஏலம் கேட்பார்கள், சீட்டு ஒருவருக்குத்தான் விழும். பாதிப் பேர் அந்த மாதத் தவணையே கட்ட மாட்டார்கள். நடத்துபவர் பதிவு செய்தவரா என்றும் கேளுங்கள், 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு வேண்டும். சீட்டு காசிக்கே இருக்கட்டும். ரவிக்கை தைத்து வருகிற கூலியில் வாரம் 200 ரூபாய் வங்கியில் தனியாகப் போட்டு வாருங்கள்.