ஃப்ரேமே இல்லாத படத்துக்கு டைரக்டர் ஆவது எப்படி?

கேள்வி: விளம்பரப் படங்களில் ஆறு வருடமாக எடிட்டராக இருக்கிறேன். போன வருடம் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஒரு வி.ஆர். (விர்ச்சுவல் ரியாலிட்டி) படம் பார்த்தேன், அதிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. வி.ஆர். படங்களுக்கு கிரியேட்டிவ் டைரக்டர் ஆக என்ன படிக்க வேண்டும்? எனக்கு கோடிங் தெரியாது. இந்தத் துறையை நம்பி வேலையை விடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போது விடாதீர்கள். ஃபேஸ்புக்கின் ஆக்குலஸ் ஸ்டோரி ஸ்டூடியோ எடுத்த வி.ஆர். படம் 'ஹென்றி' 2016-இல் எம்மி விருது வாங்கியது, அடுத்த வருடமே அந்த ஸ்டூடியோவை மூடிவிட்டார்கள். கூகுள் ஸ்பாட்லைட் ஸ்டோரீஸின் 'பேர்ல்' 2017-இல் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் வரை போனது, 2019-இல் அந்தப் பிரிவும் இல்லை. இரண்டு இடத்திலும் திறமைக்குக் குறைவே இருந்ததில்லை. பெரிய கம்பெனியின் பணத்தில் ஓடும் ஸ்டூடியோவுக்கு, அந்தக் கம்பெனியின் கணக்கு மாறினால் ஆயுள் முடிந்துவிடுகிறது. அதனால் இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஒரு ஸ்டூடியோவை நம்பி வரக்கூடாது, கையில் இருக்கும் வேலையை நம்பி வர வேண்டும்.

சரி, அது என்ன வேலை? எடிட்டராக நீங்கள் பழகிய பெரிய ஆயுதம் கட். பார்வையாளர் எதைப் பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்று நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். வி.ஆரில் அந்த அதிகாரம் பார்க்கிறவரின் கழுத்துக்குப் போய்விடுகிறது. ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு பெண் மேஜை முன்னால் உட்கார்ந்து கடிதம் படிக்கிறாள். சாதாரணப் படத்தில் முகத்துக்கு ஒரு க்ளோஸ்-அப், கடிதத்துக்கு ஒரு க்ளோஸ்-அப், முடிந்தது. இங்கே க்ளோஸ்-அப் வேண்டுமென்றால் அவளையே பார்வையாளருக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும், ரொம்பப் பக்கத்தில் வந்தால் கண் வலிக்கும். கேமராவை நிற்கிறவர் உயரத்தில் வைத்துவிட்டு, பார்க்கிறவரை நாற்காலியில் உட்கார வைத்தால் அவருக்கு அந்தரத்தில் மிதக்கிற மாதிரி இருக்கும். காட்சி தொடங்கியதும் அவர் முதலில் கூரையைப் பார்ப்பார், தரையைப் பார்ப்பார், தன் கை தெரிகிறதா என்று தேடுவார். அந்த நேரத்தில் முக்கியமான வசனத்தை வைத்தால் அது போச்சு. கொஞ்சம் பொறுத்து, இடது பின்பக்கம் ஒரு கதவு திறக்கிற சத்தம் வர வேண்டும், அந்தப் பெண்ணும் அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்க்க வேண்டும். அப்போதுதான் அவர் தலை திரும்பும். சுற்றிலும் எல்லாப் பக்கத்தையும் பிடிக்கிற 360 டிகிரி கேமராவாக இருந்தால் லைட்டும் மைக்கும் டைரக்டரும் எங்கே ஒளிந்துகொள்வது என்பது தனிக் கவலை.

கதை, நடிப்பு, ஒலி, இடம், பார்க்கிறவரின் உடம்பு எல்லாம் ஒரே முடிவில் வந்து சேர்கிறது, அந்த முடிவை எடுக்கிறவர்தான் கிரியேட்டிவ் டைரக்டர். சில நேரம் அந்த முடிவு ஹெட்செட்டுக்கு வெளியேயும் போகும். மெக்சிகோ டைரக்டர் அலெஹாந்த்ரோ இன்யாரித்துவின் வி.ஆர். படைப்பான 'கார்னே ஈ அரேனா' 2017-இல் கான் விழாவில் காட்டப்பட்டபோது, பார்வையாளர் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நடந்துதான் அதைப் பார்க்க வேண்டும். காலுக்குக் கீழே என்ன இருக்க வேண்டும் என்பதும் அங்கே டைரக்‌ஷன்தான்.

கோடிங் தெரியாதது தடை இல்லை. ஆனால் யூனிட்டி அல்லது அன்ரியல், ஏதாவது ஒரு கேம் இன்ஜினில் (கேம்களை உருவாக்குகிற மென்பொருளில்) வெறும் சாம்பல் நிறப் பெட்டிகளை வைத்து ஒரு அறையைக் கட்டி, ஹெட்செட்டில் நின்று பார்க்கிற அளவுக்காவது தெரிய வேண்டும். ஏனென்றால் ஒவ்வொரு காட்சியும் நொடிக்கு 72 அல்லது 90 ஃப்ரேம் (தனித்தனி படம்), அதுவும் இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக வரைந்தாக வேண்டும். ஆர்ட்டிஸ்ட் அடர்ந்த காடு கேட்பார், புரோகிராமர் அவ்வளவு மரம் தாங்காது என்பார், ஃப்ரேம் தடுமாறினால் பார்க்கிறவருக்குக் குமட்டும். எந்த மரத்தை வெட்டினால் கதைக்குச் சேதம் இல்லை என்று அந்த நேரத்தில் சொல்லத் தெரிந்தவரைத்தான் குழு டைரக்டராக ஏற்றுக்கொள்ளும்.

படிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். பட்டத்துக்காகக் கடன் வாங்காதீர்கள். வாடகைக்கு ஒரு 360 கேமரா எடுத்து, ஒரே அறையில், கட்டே இல்லாமல் மூன்று நிமிடப் படம் ஒன்று எடுங்கள். அப்புறம் வி.ஆர். பழக்கமில்லாத ஒருவருக்கு ஹெட்செட்டை மாட்டிவிட்டு, எதுவும் விளக்காமல் அவர் தலையை மட்டும் கவனியுங்கள். எப்போது திரும்புகிறார், எப்போது ஸ்ட்ராப்பைத் தொடுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் 'எப்படி இருந்தது' என்று கேட்காதீர்கள், நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார். 'என்ன நடந்தது, சொல்லுங்கள்' என்று கேளுங்கள். அவர் விட்டுவிட்ட இடம் எல்லாம் உங்கள் அடுத்த திருத்தம். இன்னும் சிலருக்கும் இதே மாதிரி காட்டுங்கள். எந்த வகுப்பும் இந்த அளவுக்குச் சொல்லித்தராது என்பது என் உறுதியான எண்ணம்.

யாரும் உங்களை நேரடியாக கிரியேட்டிவ் டைரக்டராக வேலைக்கு எடுக்கப் போவதில்லை, அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. எடிட்டர் என்பதால் ஒலியும் வேகமும் உங்களுக்குக் கைவந்தவை, ஒரு சின்னக் குழுவில் முப்பரிமாண ஒலியை, அதாவது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரிகிற ஒலியை, கவனிக்கிறவராக நுழைய முடியும். திரைப்பட விழாவுக்கான படம் மட்டும்தான் செய்வேன் என்று நிற்காதீர்கள். அருங்காட்சியகம், மருத்துவப் பயிற்சி, தொழிற்சாலைப் பாதுகாப்பு என்று வருகிற வேலைகளையும் எடுங்கள், அங்கேயும் பார்க்கிறவரின் தலையைத் திருப்புகிற அதே வித்தைதான் வேண்டும். நடுவில் உங்கள் சொந்தப் படத்தை விழாக்களுக்கு அனுப்புங்கள், வெனிஸில் 2017-லிருந்தே வி.ஆருக்குத் தனிப் போட்டி இருக்கிறது.

விளம்பர எடிட்டிங்கை விடுவது பற்றி, இரண்டாவது ஆளும் பணம் கொடுத்து உங்களிடம் வி.ஆர். வேலை கேட்ட பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம்.