பிள்ளைக்கு ஊசி: தேயிலைத் தோட்டங்களிலிருந்து கேட்டவர்களுக்குப் பதில்

பொகவந்தலாவையிலிருந்து: மிஸ், மகனுக்கு 2 மாத ஊசி போட்ட இரவு முழுக்கக் காய்ச்சல், அழுகை. 4 மாத ஊசி வேண்டாம் என்கிறார் மாமியார்.

கூட்டிக்கொண்டு போங்கள் தங்கச்சி. அந்த ஒரே ஊசியில் தொண்டைக்கரப்பன் (டிப்தீரியா), குக்கல் (கக்குவான் இருமல்), ஏற்புவலி (டெட்டனஸ்), ஹெப்படைட்டிஸ் பி, ஹிப் (நிமோனியாவும் மூளைச்சவ்வு அழற்சியும் கொடுக்கிற ஒரு கிருமி) என்று ஐந்துக்கும் மருந்து இருக்கிறது. காய்ச்சல் பெரும்பாலும் குக்கலுக்கான பகுதியால் வருவது, ஒன்றிரண்டு நாளில் விட்டுவிடும். கொன்ற கிருமி, கிருமியின் துண்டு, வீரியம் போக்கிய நஞ்சு, இவற்றைப் பார்த்துத்தான் உடம்பு எதிர்ப்பொருள் தயாரிக்கப் பழகுகிறது. ஒரு தடவையில் அது நிலைக்காது, அதனால்தான் 4, 6 மாதங்களில் திரும்பவும் போடுகிறோம். வலிப்பு வந்திருந்தாலோ, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓயாமல் கத்தி அழுதிருந்தாலோ ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மாமியாரையும் கூட்டி வாருங்கள், நீங்கள் மலைக்கு வேலைக்குப் போனபிறகு பிள்ளையைப் பார்ப்பது அவர்தானே.

மஸ்கெலியாவிலிருந்து: சின்னமுத்தை (தட்டம்மையை) எங்கள் பக்கம் கண்டு எத்தனையோ வருஷம். இன்னும் ஏன் ஊசி?

ஊசி போட்டதால்தான் அண்ணன் காணவில்லை. இலங்கை சின்னமுத்தை ஒழித்துவிட்டது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது, 2023இல் திரும்ப வந்துவிட்டது. ஊசி போடாதவர்கள் நடுவே ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குக் கொடுத்துவிடுவார், அவர் இருமிவிட்டு வெளியே போனபிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்த அறைக் காற்றில் கிருமி இருக்கும். நம் லயத்தை, வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளை, நினைத்துப் பாருங்கள். ஒரு காம்பரா, குளிருக்குக் கதவு யன்னல் எல்லாம் பூட்டி, உள்ளே ஐந்தாறு பேர், சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம், பகலில் எல்லாருடைய பிள்ளைகளும் ஒரே பிள்ளைக்காம்பராவில். சின்னமுத்துக்கு முதல் ஊசியே 9 மாதத்தில்தான் என்பதால், அதற்குக் கீழே உள்ள குழந்தையைக் காப்பது சுற்றியிருக்கிற நாம் போட்ட ஊசிதான். நூற்றுக்கு 95 பேருக்கு இரண்டு ஊசியும் ஏறியிருந்தால் நோய்க்குப் பரவ ஆள் கிடைக்காது. மூத்த பிள்ளைக்கு இரண்டாவது ஊசியான 3 வயது ஊசி போட்டாகிவிட்டதா என்று இன்றைக்கே கிளினிக் கொப்பியை எடுத்துப் பாருங்கள்.

ராகலையிலிருந்து: வேலையால் 9 மாத ஊசி தவறிவிட்டது, இப்போது 14 மாதம். முதலிலிருந்து போடவேண்டுமா? ஏசுவார்களோ என்று பயம்.

வேண்டாம். போட்டது போட்டதுதான், விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். 12 மாதத்து மூளைக்காய்ச்சல் ஊசியும் பாக்கி நிற்கும், இரண்டையும் அன்றே போடுவதா, இடைவெளி விடுவதா என்று அங்கே சொல்வார்கள். அன்றைக்கு அரைப்பேர்தான் (அரைநாள் சம்பளம்தான்) விழும் என்பது எனக்குத் தெரியும், அது சின்னக் கஷ்டமில்லை, ஆனாலும் அடுத்த கிளினிக்கை விட்டுவிடாதீர்கள். பிந்தி வரும் தாயை ஏசுவது தப்பு என்பது என் உறுதியான எண்ணம், ஏசினால் அடுத்த தடவை அவர் வரவே மாட்டார்.

ஹப்புத்தளையிலிருந்து: தேயிலைச்செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி காலில் பட்டுவிட்டது. லயத்தில் எல்லாரும் ஊசி போட்டவர்கள்தான். எனக்குமா?

ஆமாம் தம்பி, இதில் பக்கத்து வீட்டார் போட்ட ஊசி உங்களைக் காப்பாற்றாது. ஏற்புவலி ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவதில்லை, மண்ணிலும் சாணத்திலும் கிடக்கிற கிருமி காயத்தின் வழியே நேராக உள்ளே போகிறது. காப்பித்தூள் வைத்துக் கட்டியிருந்தால் அதைச் சவர்க்காரமும் தண்ணீரும் போட்டுக் கழுவிவிட்டு இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காயம் பட்டு மூன்று வாரம் வரை கழித்தும், அது ஆறியபிறகும்கூட, நோய் வரலாம். கடைசியாக எப்போது ஊசி போட்டீர்கள் என்பதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள், ஞாபகமில்லை என்றால் அதையே சொல்லுங்கள்.