வேலிக்கு அடியில் தோண்டி ஓடும் நாய்

நீங்கள் வெளியே போனதும் நாய் வேலிக்கு அடியில் தோண்டி ஓடுகிறது, குழியைக் கல் போட்டு அடைத்தாலும் பக்கத்தில் புதுசாகத் தோண்டுகிறது என்று கேட்டிருந்தீர்கள். கல் போட்டு அடைப்பதை நிறுத்துங்கள். வேலியின் உள்பக்கம் மூன்றடி அகல வெல்டட் கம்பி வலையை (கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த கெட்டியான வலை) ஆங்கில ‘L’ போலச் செங்கோணத்தில் மடித்துப் போடுங்கள்: ஓரடி வேலியோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் முறுக்க வேண்டும், இரண்டடி தரையில் படுத்திருக்க வேண்டும். நாய் வேலியை ஒட்டித்தான் தோண்டும்; நகம் வலையில் தட்டினால் இரண்டடி பின்னால் வந்து தோண்ட அதற்குப் பெரும்பாலும் தோன்றாது.

தரையில் ஓரடி இடைவெளிக்கு ஒரு வளைகம்பி (‘U’ போல வளைத்த கம்பி) அடித்து வலையை இறுக்கி, மேலே மண் மூடுங்கள். வலையின் ஓட்டை ஓரங்குலத்துக்கு மேல் வேண்டாம், நாயின் கால்விரல் சிக்கும். மெல்லிய கம்பியாலான கோழி வலை வேண்டவே வேண்டாம். கடித்துப் பிய்த்து வாயைக் கிழித்துக்கொள்ளும். வெட்டிய கம்பி முனைகளைக் கீழ்நோக்கி மடக்கிவிடுங்கள். கேட்டுக்கு அடியில் மட்டும் சிமெண்ட் பலகை.

நீங்கள் வெளியே போனதும்தான் ஓடுகிறது என்பதால் தனிமைப் பதற்றமாக, அதாவது தனியே விட்டால் வரும் பயமாக இருக்கலாம். போனில் நாயை வீடியோ எடுக்கும்படி வைத்துவிட்டுக் கிளம்பிப் பாருங்கள். முதல் அரை மணிக்குள் ஊளை, எச்சில், அலைச்சல் இருந்தால் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் வலையை மட்டும் நம்பாதீர்கள், பல்லும் நகமும் உடையும்வரைகூடப் போராடலாம். கால்நடை மருத்துவரிடம் அந்த வீடியோவைக் காட்டுங்கள்.

வலை போடும்வரை வேலியோரம் சங்கிலியில் கட்டிவைக்காதீர்கள். தாண்டிக் குதித்தால் கழுத்து இறுகித் தொங்கிவிடும்.